தொலைவிலிருந்து வந்த துணை

சென்ற ஆண்டு வைத்தியர் என் இடையை அளந்தார். அது 98 சென்டிமீட்டர். நம் நாட்டு ஆடவர்க்கு வரம்போ 90. இரத்த அழுத்தமும் சர்க்கரையும் மிகுந்திருந்தன. இடைச்சுற்று, அழுத்தம், சர்க்கரை, டிரைகிளிசரைடு, நற்கொழுப்பு ஆகிய ஐந்தனுள் மூன்று பிறழின் அது வளர்சிதைமாற்ற நோய்த்தொகுதியாம்.

உணவாலோசகர் ஒருவர் வாரந்தோறும் தொலைபேசியிற் பேசலானார். உண்பன யாவும் எழுதியனுப்புக என்பது அவர் முதற்கட்டளை. மாலையில் உண்ட முறுக்குகளை யான் எழுதாது விட்டேன். முகங்காணாதவரிடம் மறைத்தல் எளிதன்றோ! ஆயின் எடை குறைந்திலது. மூன்றாம் வாரம் நாணத்துடன் உண்மை உரைத்தேன். அவர் கடிந்திலர், "அப்பொழுது தங்களை வருத்துவது பசியோ, தனிமையோ?" என்று மட்டும் வினவினார். என் மனையாள் மறைந்தபின் அவ்வேளை எனக்கு நெடிதாயிருந்ததை அன்றே உணர்ந்தேன்.

அதுமுதல் மாலைதோறும் அரைமணி நேரம் நடக்கலானேன். இரவுச் சோற்றைப் பாதியாக்கிக் காய்கறியும் பருப்பும் மிகுத்தேன். ஆறு திங்களில் 84 கிலோ 78 ஆயிற்று. அமெரிக்காவில் 2002ஆம் ஆண்டு வெளியான ஆராய்ச்சியொன்றில், நீரிழிவின் விளிம்பில் நின்றோருள் 7 விழுக்காடு எடைக்குறைப்பையும் வாரம் 150 நிமிட உடலுழைப்பையும் குறிக்கொண்டவர்க்கு அந்நோய் 58 விழுக்காடு குறைவாக வந்தது. யான் இழந்ததும் ஏறத்தாழ அவ்வளவே.

உண்டதை மறையாது எழுதும் துணிவே இதற்கு முதன்மருந்து என நண்பர்க்குக் கூறுவேன்.