பினாங்குக் கோட்டைக்கும் தேவாரத்துக்கும் என்ன சம்பந்தம்?

பினாங்கு போகிறேன் என்றதும், "அங்க என்னத்தா இருக்கு பார்க்க?" என்று கேட்டார் அம்மாச்சி. தேவாரத்திலிருந்து ஜீப்பில் ஏலக்காய்த் தோட்டத்துக்குப் போய் வருவதே அவருக்குப் பெரிய பயணம். "கடலோரத்துல ஒரு பழைய கோட்டை" என்றேன்.

ஜார்ஜ் டவுனில் இருக்கிறது அந்தக் கார்ன்வாலிஸ் கோட்டை. 1786-ல் பினாங்கில் இறங்கிய பிரான்சிஸ் லைட், பனை இனத்து மரங்களை வரிசையாக நட்டு முதலில் எழுப்பியது. செங்கல், கல் சுவர்கள் பிறகு வந்தன. மேலிருந்து பார்த்தால் நட்சத்திர வடிவம். இத்தனை காவல் இருந்தும் இங்கே ஒரு போர்கூட நடந்ததில்லை! இன்று புல்தரையில் பிள்ளைகள் ஓடியாடுகிறார்கள். பெரியவர்கள் செல்ஃபி எடுக்கிறார்கள். 1603-ம் வருடத்து டச்சு பீரங்கி ஒன்றுக்குப் பூ வைத்து வேண்டினால் குழந்தை பிறக்கும் என்றொரு நம்பிக்கையும் உண்டு.

சரி, யார் இந்தக் கார்ன்வாலிஸ்? 1781-ல் அமெரிக்காவின் யார்க்டவுனில் ஜார்ஜ் வாஷிங்டனிடம் படையோடு சரணடைந்தவர். 1786-ல் அவரையே கவர்னர் ஜெனரலாக இந்தியாவுக்கு அனுப்பினார்கள். கோட்டைக்கு அவர் பெயரை வைத்தார் லைட்.

நமக்கான செய்தி இனிமேல்தான். 1792-ல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானைப் பணியவைத்தவரும் இதே கார்ன்வாலிஸ்தான். அந்த உடன்படிக்கையில் கைமாறிய பகுதிகளில் திண்டுக்கல் சீமையும் ஒன்று. போடி முதலான எங்கள் பக்கத்துப் பாளையங்கள் அதில் அடக்கம். ஈடாகத் திப்புவின் இரண்டு சிறு மகன்களையும் பிணையாகக் கொண்டுபோனார்கள். சென்னைக் கோட்டை அருங்காட்சியகத்தில் கார்ன்வாலிஸ் சிலையின் பீடத்தில் அந்தக் காட்சி செதுக்கப்பட்டிருக்கிறது.

சென்னையில் நாம் சிக்னலுக்கு நிற்கும் செனடாப் ரோடுகூட அவருக்கு எழுப்பிய நினைவு மண்டபத்தால் வந்த பெயர்தான்.

பினாங்குக் கோட்டையைச் செங்கல்லும் கல்லுமாகத் திரும்பக் கட்டியவர்கள், இந்தியாவிலிருந்து கப்பலேற்றி அனுப்பப்பட்ட கைதிகள். அவர்கள் எந்த ஊர், என்ன பெயர், ஊர் திரும்பினார்களா என்று தேடிப் பார்த்தேன். கோட்டைச் சுவரில் அப்படி ஒரு பலகை என் கண்ணில் படவில்லை. வாசலில் கார்ன்வாலிஸ் பெயர் மட்டும் பெரிதாக இருந்தது.

நான் போட்டோ எடுத்தது அந்தப் பலகையை அல்ல. வெயிலில் சிவந்து நின்ற செங்கல் சுவரை. எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில், "நம்ம ஆளுங்க கட்டினது" என்று எழுதி அனுப்பினேன்.