ரிசல்ட் வரும்வரை

மார்ச் கடைசியில் பிளஸ் டூ பரீட்சை முடியும். ரிசல்ட் மே மாதத்தில்தான் வரும். நடுவே கிடந்த அந்த வாரங்களைப் போல ஒரு காலம் அதற்குப் பிறகு என் வாழ்க்கையில் வரவேயில்லை. பள்ளிக்கூடத்துப் பிள்ளை என்று சொல்ல முடியாது, கல்லூரிக்குப் போகிறவள் என்றும் சொல்ல முடியாது. யாராவது என்ன படிக்கிறாய் என்று கேட்டால் "பிளஸ் டூ எழுதியிருக்கேன்" என்பதுதான் பதில். எழுதியாகிவிட்டது, இனி நம் கையில் ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லாத நாட்களுக்காகத்தான் இன்றும் மனம் ஏங்குகிறது.

நான் எழுதியது 1990களின் நடுவில். அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு கிராமம், அரசு மேல்நிலைப் பள்ளி, காமர்ஸ் குரூப். ஆறு பாடம், பாடத்துக்கு 200, மொத்தம் 1200 மதிப்பெண். பதினோராம் வகுப்பில் சேர்ந்த நாளிலிருந்து அந்த 1200தான் வீட்டை நடத்தியது. வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்' போடும் நேரத்தில்கூட டி.வி. மேல் போட்ட துணியை அப்பா எடுக்க மாட்டார். கல்யாண வீடுகளுக்கு என்னை விட்டுவிட்டுப் போனார்கள். ஊரில் எதிர்ப்பட்ட பெரியவர்கள் எல்லோரும் "எவ்வளவு எடுப்பே?" என்றே கேட்டார்கள்.

கடைசிப் பரீட்சை முடிந்த மறுநாளும் பழக்கத்தில் விடியுமுன்பே விழித்துவிட்டேன். எழுந்து உட்கார்ந்ததைப் பார்த்த ஆச்சி, "ஏட்டி, பரீட்சைதான் முடிஞ்சிட்டுல்லா. பேசாம படுத்து ஒறங்கு" என்றாள். எனக்குக் கிடைத்த முதல் விடுதலை அந்தச் சொல்தான். பச்சைப் பாவாடையும் வெள்ளைத் தாவணியும் துவைத்து மடித்து டிரங்குப் பெட்டிக்குள் போயின.

எங்கள் பக்கத்தில் அந்தப் பருவம் வெறுமையாக இருக்காது. பங்குனி உத்திரத்துக்குக் குடும்பம் குடும்பமாகச் சாஸ்தா கோயிலுக்குப் போவார்கள். இரண்டு வருடமாகப் போகாதவள் அந்த முறை பொங்கல் பானைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். சித்திரை விசுவுக்குப் பாபநாசம். நுங்கும் பதநீரும் வரத்து உள்ள மாதங்கள் வேறு. கோடையிலும் தாமிரபரணியில் ஒரு பக்கமாகத் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும். துணி துவைக்கப் போனால் வெயில் ஏறும்வரை திரும்ப மாட்டோம். யாரும் தேடவும் மாட்டார்கள்.

மொட்டைமாடியில் கூழ்வத்தலும் மோர்மிளகாயும் காயும். காக்கா விரட்டுவது என் வேலை. கையில் புத்தகத்தோடு நிழலில் உட்கார்ந்துகொள்வேன். கிளை நூலகத்தில் பொன்னியின் செல்வன் ஐந்து பாகமும் ஒருசேரக் கிடைக்காது. மூன்றாம் பாகத்தை முதலில் படித்தேன், அப்புறம் முதல் பாகம், அப்புறம் ஐந்து. எந்தப் பக்கத்திலிருந்து கேள்வி வரும் என்று யோசிக்காமல் படிக்க முடியும் என்று அந்த மாடியில்தான் தெரிந்தது.

சாயங்காலம் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட். பரீட்சை முடிந்த பிள்ளைகளெல்லாம் அங்கேதான் சேர்வார்கள். ரெமிங்டனும் பேசிட்டும் வரிசையாக இருக்கும். ஏ எஸ் டி எஃப் என்று சுண்டுவிரல் வலிக்க வலிக்க அடிப்போம். லோயருக்கு நிமிடத்துக்கு 30 சொல், ஹையருக்கு 45. அங்கே யாரும் யாரையும் ஒப்பிட்டதில்லை. கை மெதுவாகப் பழகினால் மெதுவாகவே பழகலாம். பொழுது போக்கப் போய் வாங்கிய அந்த லோயர் சர்டிபிகேட்தான் பின்னாளில் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் எனக்கு வேலை வாங்கிக் கொடுத்தது.

எல்லோருக்கும் அந்த நாட்கள் ஒரே மாதிரி இருந்தன என்று சொல்ல மாட்டேன். நுழைவுத் தேர்வு அப்போதும் இருந்தது. 1984இல் வந்தது, 2007இல்தான் போனது. சயன்ஸ் குரூப்பில் வசதியுள்ள பிள்ளைகள் கோச்சிங்குக்காகத் திருநெல்வேலிக்குப் போனார்கள். என்னோடு ஒரே பெஞ்சில் இருந்தவளுக்கு ரிசல்ட் வருமுன்பே மாப்பிள்ளை பார்த்துவிட்டார்கள். இன்னொருத்தி அண்ணனோடு திருப்பூருக்கு பனியன் கம்பெனி வேலைக்குப் போய்விட்டாள். அவர்களுக்கும் எனக்குக் கிடைத்த ஓய்வு கிடைத்திருக்க வேண்டும். அது வசதியைப் பொறுத்து வாய்க்கிற பொருளாக இருந்திருக்கக் கூடாது.

ரிசல்ட் அன்று ஊரே பஸ் ஸ்டாண்டில் நின்றது. மாலைப் பத்திரிகைக் கட்டு இறங்கியதும் பிய்த்துக்கொண்டு போனார்கள். பத்திரிகையில் பெயர் இருக்காது, தேறியவர்களின் பதிவெண் மட்டும்தான். அண்ணன் விரலை வைத்து வரிசையாகத் தேடினான். என் எண் இருந்தது. வீட்டுக்கு வந்த முதல் ஆள் வாழ்த்துச் சொல்லிவிட்டு அடுத்த மூச்சில் கேட்டார்: "மார்க் எவ்வளவு? அடுத்து என்ன?" அதோடு அந்தக் காலம் முடிந்தது. பிறகு கல்லூரி, வேலை, கல்யாணம், பிள்ளைகள். விடுமுறைகள் எத்தனையோ வந்திருக்கின்றன. எல்லாவற்றுக்கும் பின்னால் ஒரு வேலை காத்திருந்தது.

இன்றைக்குப் பிளஸ் டூ எழுதும் பிள்ளைகளைப் பார்க்கிறேன். 1200 போய் 600 வந்துவிட்டது. மாநிலத்தில் முதலிடம் யார் என்று அறிவிப்பதை 2017இல் அரசு நிறுத்தியது. அது நல்ல முடிவு. அதே ஆண்டுதான் இங்கே மருத்துவச் சேர்க்கைக்கு நீட் வந்தது. பெரும்பாலும் மே முதல் ஞாயிற்றுக்கிழமை நடக்கிறது. மார்ச்சில் ஒரு பரீட்சையை முடித்துவிட்டு வருகிற பிள்ளை மறுநாளே கிராஷ் கோர்ஸுக்கு பஸ் ஏறுகிறது. மருத்துவம் வேண்டாம் என்கிற பிள்ளைக்கும் ஜே.இ.இ., கியூட் என்று ஏதாவது ஒன்று வரிசையில் நிற்கிறது. எதுவும் எழுதாத பிள்ளையைக்கூட சும்மா இருக்க விடுவதில்லை. சும்மா இருப்பது குற்றம்போல் ஆகிவிட்டது. பதினேழு வயதில் தன்னைத் தானே கொஞ்சம் பார்த்துக்கொள்ள ஒரு மாதம் கிடைக்காத பிள்ளை, எது பிடிக்கும் என்று தெரிந்து எப்படிப் படிப்பைத் தேர்ந்தெடுக்கும்?

பெற்றோர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். நுழைவுத் தேர்வு எழுத வேண்டிய பிள்ளை எழுதட்டும். ஆனால் எல்லாம் எழுதி முடித்த பிறகு, ரிசல்ட் வரும்வரையாவது அந்த நாட்களை அவர்களுக்கே விட்டுவிடுங்கள். ஆற்றுக்குப் போகட்டும், கதைப் புத்தகம் படிக்கட்டும், மதியம்வரை தூங்கட்டும். எவ்வளவு வரும் என்று மட்டும் கேட்காதீர்கள். இந்த நாட்கள் அவர்களுக்கு இன்னொரு முறை வராது.