தை ஐந்து எந்த நாள்?

ஒரு நாட்டில் எழுதிய மென்பொருள் இன்னொரு நாட்டுக்குப் போகுமுன் அதற்கு இரண்டு வேலைகள் நடக்க வேண்டும். முதலாவது பன்னாட்டாக்கம்: திரையில் தெரியும் சொற்களையும் திகதி, நாணயம், எண் ஆகியவற்றின் வடிவங்களையும் நிரலின் உடம்பிலிருந்து பிரித்துத் தனிக் கோப்பில் வைப்பது. இரண்டாவது உள்ளூராக்கம்: அந்தக் கோப்பை ஒவ்வோர் ஊருக்கும் ஏற்ப நிரப்புவது. முதலாவதைப் பொறியியலாளர் சில மாதங்களில் முடித்துவிடலாம். இரண்டாவது ஏன் முடிவதேயில்லை என்பது யாழ்ப்பாணக் குடாநாட்டுக்காக நிரப்பத் தொடங்கினால் விளங்கும்.

சிக்கல் எழுத்திலேயே தொடங்குகிறது. 'தமிழ்' என்ற சொல்லைப் பாமினி எழுத்துருவில் அடித்தால் கணினி சேமித்து வைப்பது ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்ற ஐந்து குறிகளை. பாமினி உள்ள கணினியில் அது தமிழ்; இல்லாத கணினியில் உளறல். இலங்கையின் அச்சகங்களும் கந்தோர்களும் நெடுங்காலம் பாமினியில் ஓடியவை. அந்தப் பழைய கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றாமல் அவற்றுக்குள் தமிழில் தேட முடியாது. மாற்றிய பின்னும் கணக்கு உதைக்கும். 'யாழ்ப்பாணம்' வாய்க்கு ஆறெழுத்து, யூனிகோடுக்குப் பதினொரு குறி. ஆங்கிலக் குறுஞ்செய்தி ஒன்றில் 160 குறிகள் அடங்கும், தமிழில் 70தான். ஆங்கிலத்தில் ஒரு செய்தியாகப் போகும் நினைவூட்டல் தமிழில் இரண்டாக மூன்றாகப் பிரிந்து போகும். இன்னும் நுணுக்கமானது ஸ்ரீ. ஸகரத்தில் தொடங்கியும் அதை எழுதலாம், யூனிகோடில் 2005இல் சேர்ந்த ஶகரத்தில் தொடங்கியும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே, கணினிக்கு வேறு வேறு. பட்டியலில் குத்துக்கல்லாய் இருக்கும் ஸ்ரீதரனைத் தேடினால் அப்படி ஒருவர் இல்லை என்ற பதில் வருவது இதனாலும் இருக்கலாம்.

திகதி இதைவிட வேடிக்கை. யாழ்ப்பாணத்தில் ஆங்கில மாதங்களுக்கே தமிழ் மாதப் பெயரை இட்டு வழங்குவது பழைய பழக்கம். தை என்றால் ஜனவரி, மாசி என்றால் பெப்ரவரி, புரட்டாதி என்றால் செப்டெம்பர். நத்தார் மார்கழி இருபத்தைந்தில் வரும். பஞ்சாங்கத்தைப் புரட்டினால் அன்று மார்கழி ஒன்பதோ பத்தோதான். அதே வீட்டார் பொங்கல் பொங்குவது பஞ்சாங்கத்தின் தை முதலாம் நாளில், அதாவது ஜனவரி 14 அல்லது 15இல். ஆகவே 'தை 5' என்று ஒருவர் எழுதிக் கொடுத்தால் அது ஜனவரி 5ஆகவும் இருக்கலாம், ஜனவரி 18 அல்லது 19ஆகவும் இருக்கலாம். சீட்டு கோயில் ஐயரிடம் போகிறதா, வங்கிக்குப் போகிறதா என்பதைப் பார்த்து ஊரார் சரியாக வாசித்துவிடுவர். மென்பொருளுக்கு அந்த இங்கிதம் கிடையாது. தமிழ் மாதப் பெயர்களை 'அழகுக்காக' நாட்காட்டியில் சேர்க்கும் வடிவமைப்பாளர் இதை அறிந்திருப்பது நல்லது.

அடுத்தது வேற்றுமை உருபு. ஆங்கிலத்தில் ஊர்ப்பெயருக்கு ஓர் இடம் விட்டு, முன்னால் ஒரு சொல்லைப் போட்டால் வாக்கியம் முடிந்துவிடும். தமிழில் அந்த இடத்தின் பின்னால் 'க்கு' ஒட்டினால் மானிப்பாய்க்குப் போகலாம், பருத்தித்துறைக்கும் போகலாம். யாழ்ப்பாணத்துக்கும் நல்லூருக்கும் போக முடியாது. பயணச்சீட்டில் 'யாழ்ப்பாணம்க்கு' என்று விழும். உருபே தேவைப்படாமல் 'செல்லுமிடம்: யாழ்ப்பாணம்' என்று வாக்கியத்தை உடைத்துப்போடுவதுதான் வழமையான மருந்து. சப்பென்றிருக்கும், ஆனால் பிழையில்லை. பெயர்ப் படிவத்துக்கு அந்த மருந்தும் இல்லை. குடும்பப்பெயர் கேட்கும் கட்டத்தில் யாழ்ப்பாணத்தவர் தகப்பன் பெயரை எழுதுவார். தகப்பன் அதே கட்டத்தில் தன் தகப்பனின் பெயரை எழுதுவார். வெளிநாட்டுப் பதிவேட்டில் ஒரே வீட்டுக்கு இரண்டு குடும்பங்கள் முளைக்கும்.

எஞ்சியிருப்பது சொல்லாக்கம். கணினி பிறப்பதற்கு ஏறத்தாழ நூறாண்டு முன்னரே குடாநாடு இதைச் செய்து பார்த்திருக்கிறது. அமெரிக்காவின் மசாசுசெட்ஸ் மாநிலத்து வூஸ்டரில் 1822இல் பிறந்த சாமுவேல் பிஸ்க் கிறீன், 1847இல் அமெரிக்க மிசன் வைத்தியராக யாழ்ப்பாணம் வந்தார். மானிப்பாயில் இருந்துகொண்டு நோயாளரைப் பார்த்தார், ஊர் இளைஞருக்கு மேல்நாட்டு வைத்தியம் படிப்பித்தார். முதலில் ஆங்கிலத்தில், 1860களில் தமிழுக்கு மாறினார். ஆங்கிலத்தில் படித்தவர் அரசாங்க உத்தியோகம் தேடி வெளியே போய்விடுவார், தமிழில் படித்தவர் ஊரோடு நிற்பார் என்பது அவர் கணக்கு. படிப்பிக்கப் புத்தகம் வேண்டுமே. அவரும் அவருடைய மாணாக்கரும் தமிழாக்கியது நாலாயிரம் பக்கத்துக்கு மேல்.

அந்த நூல்களின் தலைப்புகளை வரிசையாகப் பார்த்தாலே ஒரு சொல்லாக்கக் கையேடு கிடைக்கும். 1857இல் 'பிரசவ வைத்தியம்': வீட்டுக்கு வீடு புழங்கிய சொல், கை வைக்கவில்லை. 1867இல் 'இரண வைத்தியம்': சத்திரசிகிச்சைக்குப் புதுச்சொல் கட்டாமல் புண்ணுக்கு உள்ள சொல்லையே நீட்டிக்கொண்டார். 1872இல் 'மனுஷ அங்காதிபாதம்': வடமொழி வாடையுள்ள தலைப்பு, நாட்டு வைத்தியர் காதுக்கு உறுத்தாது. 1875இல் 'கெமிஸ்தம்'. இதுதான் கூட்டத்தில் சுவையானது. ஆங்கிலச் சொல்லை அப்படியே பிடித்து, ஓர் 'அம்' வாலை ஒட்டி, வேட்டி கட்டி விட்டிருக்கிறார். இன்றைய மென்பொருள் மொழிபெயர்ப்பாளரும் இந்த வழிகளில்தான் நடக்கிறார். 'கோப்பு' கந்தோரில் ஏற்கெனவே இருந்தது. 'கடவுச்சொல்' புதிதாகக் கட்டியது, ஆனால் கடவுச்சீட்டு வைத்திருப்பவருக்கு விளக்கம் தேவையில்லை. 'வைஃபை' வால்கூட இல்லாமல் வந்து நிற்கிறது.

கெமிஸ்தம் நிலைக்கவில்லை, அந்த இடத்தில் இப்போது இரசாயனவியல் இருக்கிறது. இரண வைத்தியமும் போய்விட்டது. யாழ்ப்பாண வைத்தியசாலையில் நடப்பது சத்திரசிகிச்சை, மதுரை மருத்துவமனையில் நடப்பது அறுவை சிகிச்சை. கணினி உலகம் தமிழுக்கு இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் என்று நான்கு பிரிவுகள் வைத்திருக்கிறது. நிறுவனங்கள் பெரும்பாலும் முதலாவதை மட்டும் நிரப்பிவிட்டுத் தமிழ் முடிந்தது என்று கையைத் தட்டிக்கொள்கின்றன. அந்தத் திரையில் தேதி, ரசீது, பதிவிறக்கு, அக்டோபர். யாழ்ப்பாணத்தில் அவை திகதி, பற்றுச்சீட்டு, தரவிறக்கு, ஒக்ரோபர். விளங்காது என்றில்லை, அயலூர்க்காரர் கடை திறந்தது போலிருக்கும். தேடலில்தான் உண்மையான சேதம்: 'ரொறன்ரோ' என்று எழுதிப் பழகியவருக்கு 'டொராண்டோ' என்று பதிந்து வைத்த எதுவும் அகப்படாது. 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவின் இடைமுகத்தைப் பெரும்பாலும் தமிழாக்கியவர் வண்ணார்பண்ணையில் பிறந்த இ. மயூரநாதன். இந்தியா, இலங்கை என்ற இரு கரை எழுத்துவழக்கும் முட்டிக்கொண்டு, கட்டுரைக்குக் கட்டுரை பேசித் தீர்க்க வேண்டிவந்த இடங்களில் அந்த விக்கிப்பீடியாவும் ஒன்று.

வெளியிட்ட பின் வருவது திருத்தப் பதிப்பு. பெரும்பாலான நிறுவனங்கள் இந்தக் கட்டத்தில் தமிழை மறந்துவிடும். புதிய பொத்தான்கள் ஆங்கிலத்திலேயே வந்து பழைய தமிழ்ப் பொத்தான்களின் பக்கத்தில் உட்காரும். கிறீன் அப்படி மறக்கவில்லை. 1873இல் ஊர் திரும்பினார். வூஸ்டரில் இருந்தபடியே தமிழ்ப் படிகளைத் திருத்திக்கொண்டிருந்தார். உடற்றொழிலியல் நூலான 'மனுஷ சுகரணம்' 1883இல் வெளிவந்தது. அடுத்த ஆண்டு அவர் இறந்தார்.