கரிசலும் திருகுத் தூணும்

எமது ஊர் கோவிற்பட்டிக்குத் தெற்கே கரிசற்காட்டின் நடுவில் உள்ளது. கோடையில் அம்மண் கை நுழையுமளவு பிளந்து கிடக்கும். ஐப்பசி மழையில் நீரைக் குடித்துப் பருத்து மேலெழும். வருஷந்தோறும் இதனைக் கண்டிருந்தும் யான் அதன் பொருளை அறிந்திலேன்.

நம் கல்லூரியில் பௌதிகம் பயின்ற இரண்டாம் வருஷத்தில், விடுமுறைக்குச் சென்றிருந்த என்னை எந்தையார் வீட்டின் வடகிழக்கு மூலைக்கு அழைத்துச் சென்று, சுவரிலோடிய கீறலைக் காட்டி, "நீ படித்தவனாயிற்றே, ஐயா; இது என்னவென்று பார்" என்றார். யான் சற்றும் தயங்காது, "சுண்ணாம்புப் பூச்சுதான் விட்டிருக்கிறது, பூசினால் போதும்" என்றேன். அவரும் நம்பிப் பூசினார். மூன்று மழைக்காலம் கழியுமுன் நிலை கோணிற்று. கதவு மூட வரவில்லை. பின்னர் அம்மூலையை இடிக்கவே நேர்ந்தது. அதுபற்றி அவர் என்னை ஒரு சொல்லும் கடிந்திலர், கடிந்திருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

பல்லாண்டு கழித்து, அமெரிக்க நாட்டு டென்வர் நகரில் யான் வாங்கிய வீட்டிலும் அதே கீறல் தோன்றிற்று. அங்கும் ஈரத்தால் வீங்குங் களிமண்ணே. இம்முறை யான் விடை கூறத் துணியாது, பொறிவல்லார் ஒருவரை அழைத்தேன்.

அவர் கொணர்ந்த தூண் உண்மையில் பெரியதொரு திருகாணியே. 1½ அங்குலச் சதுர எஃகுக் கம்பியின் அடிப்பகுதியில் சுருள் வடிவான தட்டுகள் பற்றவைக்கப்பட்டிருந்தன. அத்திவாரத்தின் ஓரத்தில் சிறு குழி தோண்டி, எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் மோட்டாரைக் கொண்டு திருக, சுற்றொன்றுக்கு ஏறத்தாழ 3 அங்குலமாக அது மண்ணுள் இறங்கிற்று. திருகுதற்கு வேண்டிய முறுக்குவிசை மிக மிக, தூண் தாங்கும் பாரமும் மிகும். ஆதலின் அளவுமானியின் முள்ளே மண்ணின் வலிமையை உரைத்துவிடுகிறது. தென்மேற்கில் 13 அடியிலேயே வேண்டிய அளவு வந்தது. அதே வீட்டின் வடகிழக்கிலோ 22 அடி செல்ல வேண்டியதாயிற்று. "முள்ளை மட்டும் நம்பலாகாது, உலர்ந்த களியும் கெட்டியாகவே நிற்கும். மழையும் வெயிலும் எட்டாத ஆழத்தைத் தட்டு கடந்திருக்க வேண்டும்" என்றார் அவர். கம்பி மெல்லியதாதலின், மேல்மண் வீங்கினும் அதனைப் பற்றித் தூக்குதற்கு இடம் குறைவு. இறுதியில் தூண்தலைகளை அத்திவாரத்தோடு இரும்புத் தாங்கிகளாற் பிணைத்து, ஜாக்கியால் வீட்டைச் சிறிது உயர்த்தினர். கீறல் முற்றும் மூடவில்லை, வளர்வது நின்றது.

இம்முறை புதிதன்று. இளமையிலேயே பார்வையிழந்த அலெக்ஸாண்டர் மிட்செல் என்னும் அயர்லாந்துக்காரர் 1833-இல் இதற்கு உரிமை பெற்றார். தேம்ஸ் நதிமுகத்து மேப்ளின் மணற்றிட்டில் இத்தகைய தூண்கள்மேல் எழுந்த கலங்கரை விளக்கம் 1841-இல் ஒளி வீசிற்று. அடிமணலை நீர் அரித்தமையால் 1932-இல் சாய்ந்தது. பழைய சென்னைக் கடற்பாலமும் திருகுத் தூண்கள்மேல் நின்றதே. 1872-ஆம் வருஷத்துப் புயலில் அது சேதமுற்றது.

வேலை முடிந்த இரவே எந்தையாருக்குத் தொலைபேசியில் யாவும் உரைத்தேன். ஆழம், செலவு, ஆட்கூலி எனத் துருவித்துருவி வினவியவர், "நம் வடகிழக்கு மூலைக்கு அப்படியொன்று போடலாமா?" என்றார்.

"அந்த மூலைதான் இப்போது இல்லையே, அப்பா."

"அவ்விடத்தில் மாட்டுத் தொழுவம் போட்டிருக்கிறேன். அதுவும் சாய்கிறது" என்றார்.