தலைமன்னார்க் கரையில் ஒரு சீனப் பாடம்

போரினால் 1990 இல் நின்றுபோன புகைவண்டிப் பாதை 2015 இல் மீண்டும் தலைமன்னார் வரை திறக்கப்பட்டது. அவ்வண்டியில் மாணவர் சிலருடன் சென்று, பழைய இறங்குதுறையருகே நின்றேன். 1914 முதல், 1964 ஆம் ஆண்டுப் புயல் தனுக்கோடியை அழிக்கும் வரை, இத்துறைக்கும் அவ்வூருக்கும் இடையே கப்பல் ஓடியது. மேற்கே இராமர் அணையின் மணல் திட்டுகள் நீண்டு கிடக்கின்றன.

வலையைச் சீர்செய்துகொண்டிருந்த முதியவர் ஒருவர், "ஐயா, இந்தத் திட்டுகள் ஒரே இடத்திலே கிடக்கிறதில்லை. ஆழம் அறியாதவன் வள்ளத்தைத் தரைதட்ட விட்டுவிடுவான்" என்றார்.

இதைத்தான் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே சீனத்து அறிஞர் சுன் சூ பதின்மூன்று அதிகாரங்கள் கொண்ட தம் போர்நூலில் வற்புறுத்தினார். நிலத்தை அறி, உன்னை அறி, மாற்றானை அறி, போரிடாமலே வெல்வது தலைசிறந்த வெற்றி என்பது அவர் கொள்கை. நம் வள்ளுவரும் வலி, காலம், இடம் ஆகியவற்றை அறிதல் குறித்து அடுத்தடுத்து மூன்று அதிகாரங்கள் வகுத்தார் அன்றோ?

இத்திட்டுகளைப் பெருங்கப்பல்கள் கடத்தல் இயலாது. ஆதலின் சீனத்திலிருந்து மேற்கே செல்லும் மரக்கலங்கள் இலங்கையின் தென்கரையைச் சுற்றிச் சென்றன. சீனக் கடற்றளபதி செங் ஹோவும் அவ்வழியே வந்தார். காலியில் அவர் நிறுவிய கல்வெட்டு 1911 இல் கண்டெடுக்கப்பட்டது. சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மும்மொழிகள் அதில் உள்ளன. சீனப் பகுதி புத்தருக்கும், தமிழ்ப் பகுதி தெனவரை நாயனாருக்கும், பாரசீகப் பகுதி இசுலாமிய நெறிக்கும் உரியன. காணிக்கைகளோ ஏறக்குறைய ஒன்றே. அக்கல் 1409 என நாளிட்டுச் சீனத்திலேயே செதுக்கப்பட்டது. கப்பலேறுமுன்னரே இக்கரை மாந்தரின் மொழியையும் வழிபாட்டையும் அவர்கள் அறிந்திருந்தனர்!

அதே பயணத்தில் போரும் மூண்டது. தென்னிலங்கையில் ஆட்சி செலுத்திய அழகேசுவரன், சீனக் கப்பல்களைத் தாக்க ஐம்பதினாயிரம் வீரரை ஏவினான் எனச் சீன வரலாறு கூறும். படை வெளியேறியதால் தலைநகர் காவலின்றி இருக்கும் என உய்த்துணர்ந்த செங் ஹோ, ஈராயிரம் பேருடன் குறுக்குவழியே சென்று நகரைப் பிடித்து, மன்னனைச் சிறைசெய்தார். 1411 இல் சீனம் கொண்டுசெல்லப்பட்ட அவனைப் பேரரசர் பின்னர் விடுவித்தார்.

"ஐயா, இவ்விரண்டில் எது பெரிய வெற்றி?" என்று ஒரு மாணவன் வினவினான்.

"சுன் சூவையே கேள். நகரைப் பிடிக்க வாள் வேண்டியிருந்தது. கல்லை நாட்ட, பிறரை அறிந்து மதிக்கும் மனம் போதுமாயிருந்தது" என்றேன். போரின் துயரை வீட்டுப் பெரியோர் வாயிலாகக் கேட்டு வளர்ந்த அவன், நெடுநேரம் கடலையே நோக்கி நின்றான்.

அக்கல் இன்று கொழும்பு நூதனசாலையில் இருக்கிறது. கொழும்பு செல்லும் மாணவர் அதன்முன் சிறிது நேரம் நின்று வருக.