ஊருக்குப் போகுமுன் கைத்தொலைபேசியில் ஒரு கட்டுச்சோறு

லாபு, ரந்தாவ், லிங்கி, பகாவ் என்று நெகிரி செம்பிலானில் எந்தத் தோட்டத்துப் பக்கம் போனாலும் பெரியவர்கள் வாயில் ஒரு சொல் வரும். அது "ஊர்". மூன்று நான்கு தலைமுறையாக இந்த மண்ணிலேயே பிறந்து வளர்ந்தவர்கள்கூட "ஒரு தடவை ஊருக்குப் போய் வரணும்" என்றால் அது தமிழ்நாடுதான். ரப்பர் நின்ற நிலத்தில் செம்பனை நிற்கிறது. லயங்கள் இருந்த பல இடங்களில் வீடமைப்புப் பகுதிகள் எழுந்துவிட்டன. அந்தச் சொல் மட்டும் மாறவில்லை.

மாறியிருப்பது போகும் வழி. நம் பாட்டன்மார் கங்காணியின் பின்னால் நடந்து, நாகப்பட்டினத்திலோ சென்னையிலோ கப்பல் ஏறி வந்தார்கள். திரும்பிப் போனவர்களுக்கு "ரஜூலா" கப்பலும், அதன்பின் "சிதம்பரம்" கப்பலும் இருந்தன. 1985-இல் சிதம்பரம் கப்பலில் தீப்பிடித்ததோடு அந்தக் கப்பல் பயணமும் முடிவுக்கு வந்தது. இன்றோ நீலாய், லாபு பக்கத்து மக்கள் நிமிர்ந்து பார்த்தாலே விமானம் தெரிகிறது. அதில் ஏறினால் சுமார் நான்கு மணி நேரத்தில் திருச்சி.

அன்று வழி சொன்னவர் கங்காணி. இன்று வழி சொல்வது கைத்தொலைபேசி. ஆகவே, வாசக அன்பர்களே, பயணப் பெட்டியை அடுக்குவதுபோல் அந்தக் கைத்தொலைபேசியையும் வீட்டிலேயே அடுக்கிக்கொண்டு புறப்படவேண்டும். அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தால் சிரமம்தான். செயலியை இறக்க இணையம் வேண்டும். விமான நிலையத்து இலவச இணையத்தைத் திறக்கவே கைத்தொலைபேசிக்கு ஓர் எண் வந்து சேரவேண்டும். புதிய இந்திய சிம் அட்டை வாங்கினாலும் கடப்பிதழைக் காட்டி, படம் கொடுத்து, அது உயிர் பெறும்வரை காத்திருக்கவேண்டும். பசியோடும் பெட்டியோடும் நிற்கிற நேரத்தில் செய்கிற வேலையா அது?

அடுப்படியில் ஒரு பரீட்சை

எந்தச் செயலி பயன்படும், எது பயன்படாது என்று அறிய ஒரு சுலபமான பரீட்சை உண்டு. புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பு உங்கள் அடுப்படியிலேயே உட்கார்ந்து, கைத்தொலைபேசியில் விமானப் படம் போட்ட பொத்தானை அழுத்துங்கள். வைஃபையையும் அடைத்துவிடுங்கள். இப்போது எவை வேலை செய்கின்றன என்று பாருங்கள். அவைதான் உங்களுடைய கட்டுச்சோறு. மற்றவை கடையில் வாங்கித் தின்பது போன்றவை. கடை திறந்திருந்தால்தான் கிடைக்கும். செம்பனைக் காட்டுக்குள் போனால் லைன் கிடைக்காது என்பது தோட்டத்தில் வாழும் நமக்குப் புதிய செய்தியா என்ன?

இந்தப் பரீட்சையில் தேறக்கூடியவை சிலவற்றைச் சொல்கிறேன்.

முதலாவது, கூகுள் மேப்ஸ். போகிற வட்டாரத்தின் வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளலாம். திருச்சியிலிருந்து பழனி வரை ஒரு கட்டம், தஞ்சாவூர், நாகூர், வேளாங்கண்ணி பக்கம் ஒரு கட்டம் என்று எடுத்தால் போதும். லைன் இல்லாவிட்டாலும் நாம் நிற்கும் இடத்தை அது காட்டும், காரில் போக வழியும் சொல்லும். நடந்துபோகிற வழியை மட்டும் லைன் இல்லாமல் சொல்லாது.

இரண்டாவது, கூகுள் டிரான்ஸ்லேட். தமிழ்நாட்டுக்குள் இது தேவைப்படாது. திருப்பதிக்கோ காசிக்கோ போகிறவர்கள் தெலுங்கு, இந்தி மொழிகளை வீட்டிலேயே இறக்கி வைத்துக்கொண்டால் லைன் இல்லாமலும் மொழிபெயர்க்கும்.

மூன்றாவது, "வேர் இஸ் மை டிரெய்ன்" என்னும் செயலி. இந்திய ரயில்களின் நேர அட்டவணை முழுவதும் இதில் அடங்கியிருக்கிறது. தமிழிலும் படிக்கலாம். ரயிலில் உட்கார்ந்திருக்கும்போது இணையம் இல்லாமலேயே எந்த நிலையத்தை நெருங்குகிறோம் என்று காட்டுவது இதன் சிறப்பு. நள்ளிரவில் இறங்கவேண்டியவர்களுக்கு இது பெரிய ஆறுதல்.

பழைய பெயரும் புதிய வரைபடமும்

கோயில் குளம் மட்டும் பார்க்கப் போகிறவர்களுக்கு மேலே சொன்னது போதும். தாத்தா பிறந்த கிராமத்தைத் தேடிப் போகிறவர்களுக்கு இன்னொரு வேலை இருக்கிறது.

நம் வீட்டுப் பழைய காகிதங்களில் "சேலம் ஜில்லா, நாமக்கல் தாலுகா" என்றோ "தென்னார்க்காடு ஜில்லா" என்றோ இருக்கும். இன்றைய வரைபடம் அப்படிச் சொல்வதில்லை. புதுக்கோட்டை 1974-இல் தனி மாவட்டமாயிற்று. தென்னார்க்காடு 1993-இல் கடலூர், விழுப்புரம் என்று இரண்டாகப் பிரிந்தது. திருச்சி மாவட்டத்திலிருந்து பெரம்பலூரும் கரூரும் 1995-இல் பிரிந்தன. நாமக்கல் 1997-இல் சேலத்தைவிட்டுப் பிரிந்தது. விழுப்புரத்திலிருந்து கள்ளக்குறிச்சி 2019-இல் தனியாகப் போனது. போதாக்குறைக்கு, அந்நாளில் தோட்டத்துக் கிராணி காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதிவைத்த ஊர்ப்பெயர் வேறு. புதூர் என்றும் புதுப்பட்டி என்றும் தேடினால் மாவட்டத்துக்குப் பத்து அகப்படும்.

இதற்கு ஒரு வழி சொல்கிறேன். பாட்டியின் டிரங்குப் பெட்டியைத் திறந்து, ஊரிலிருந்து வந்த பழைய கடிதங்களை எடுத்துப் பாருங்கள். இந்தியத் தபால் துறை 1972 ஆகஸ்ட் 15-ஆம் நாள் ஆறு இலக்கப் பின்கோடு எண்ணைக் கொண்டுவந்தது. அதற்குப் பின் வந்த கடிதமானால், அனுப்பியவர் முகவரியில் அந்த எண் இருக்கக்கூடும். ஊர்ப்பெயரைத் தமிழிலேயே எழுதி, கூடவே அந்த ஆறு இலக்கத்தையும் போட்டுத் தேடினால் தேடும் வட்டம் வெகுவாகச் சுருங்கிவிடும். அங்கே உறவினர் யாராவது வாட்ஸ்அப்பில் இருந்தால், வீட்டு வாசலில் நின்று தம் இருப்பிடத்தை அனுப்பச் சொல்லுங்கள். அதை வரைபடத்தில் சேமித்துக்கொள்ளுங்கள். பெட்டியில் கிடக்கும் கடிதத்தைப் படிக்கத் தெரிந்த பெரியவர்கள் நம்மோடு இருக்கும்போதே செய்யவேண்டிய வேலை இது.

பணமும் வண்டியும்

தமிழ்நாட்டில் தேநீர்க் கடையிலும் இளநீர் வண்டியிலும்கூட ஒரு கட்டம்போட்ட அட்டை தொங்கும். அது யூபிஐ என்னும் இந்திய ஏற்பாடு. அங்குள்ள வங்கிக் கணக்கோடு பிணைந்தது. சிரம்பான் கடையில் "டச் அண்ட் கோ" செயலியைக் காட்டுவதுபோல் அங்கேயும் காட்டலாம் என்று எண்ணிப் போகாதீர்கள். உங்கள் வங்கியிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். எப்படியும் கையில் கொஞ்சம் ரொக்கம் இருக்கட்டும். நம் வங்கி அட்டைகள் பல வெளிநாட்டில் இயங்காதபடி பூட்டியே தரப்படுகின்றன. வங்கிச் செயலியிலோ கிளையிலோ அந்தப் பூட்டைத் திறந்துவிட்டுப் புறப்படவேண்டும்.

மலேசிய சிம் அட்டையைக் கழற்றி எறிந்துவிடாதீர்கள். வங்கி டி.ஏ.சி. எண் அனுப்பினால் அது அந்த எண்ணுக்குத்தான் வரும். வெளிநாட்டிலும் அது வேலை செய்யும்படி தொலைபேசி நிறுவனத்திடம் சொல்லி வையுங்கள்.

கிராப் செயலி இந்தியாவில் கிடையாது. அங்கே பெரிய நகரங்களில் ஊபர் ஓடுகிறது. இங்கே ஊபர் வண்டி ஓடாவிட்டாலும், இங்கிருந்தபடியே செயலியை இறக்கி நம் எண்ணைப் பதிந்துகொள்ளலாம். வெளியூர்ப் பேருந்துக்கு ரெட்பஸ் உண்டு. ரயில் சீட்டுக்கு ஐ.ஆர்.சி.டி.சி. இருக்கிறது. ஆனால் 2025 ஜூலை முதல் இணையவழித் தத்கால் சீட்டுக்கு ஆதார் சரிபார்ப்பு வேண்டும் என்று விதி வந்தது. நம்மிடம் ஆதார் ஏது? ஆகவே கடைசி நேரத்தில் தத்காலை நம்பாமல், முன்னதாகவே பதிந்துவிடுவது நல்லது.

விசாவுக்கு விண்ணப்பிக்கும்போது ஓர் எச்சரிக்கை. இந்திய அரசின் இ-விசா முகவரி "ஜிஓவி டாட் ஐஎன்" என்று முடியும். அதைப்போலவே தோற்றம் காட்டிக் கூடுதல் பணம் பிடுங்கும் பக்கங்கள் உண்டு. செயலிகளையும் பிளே ஸ்டோர், ஆப் ஸ்டோர் தவிர வேறெங்கிருந்தும் இறக்கவேண்டாம். வாட்ஸ்அப்பில் யாரோ அனுப்பும் கோப்பைத் திறந்து சேமிப்பை இழந்தவர்கள் நம்மிடையே உண்டு. அப்படி ஏதும் நேர்ந்தால் நம் நாட்டில் 997 என்ற எண்ணை உடனே அழைக்கவேண்டும்.

கைத்தொலைபேசி இல்லாத அந்த இரண்டு மணி நேரம்

இத்தனையும் செய்தபின் ஒன்றை மறந்துவிடக்கூடாது. தமிழ்நாட்டுக் கோயில்களுக்குள் கைத்தொலைபேசி கொண்டுபோகத் தடை விதிக்கும்படி 2022 டிசம்பரில் உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. பழனி மலைக்கோயிலில் 2023 அக்டோபர் 1 முதல் இது நடைமுறைக்கு வந்தது. கீழே ஒப்படைத்துவிட்டுத்தான் மேலே போகவேண்டும். திருப்பதியிலும் அப்படியே.

எண்ணிப் பாருங்கள். கூட்டம் மிகுந்து, ஆள் தவறிப்போகக்கூடிய இடம் எதுவோ, அந்த இடத்தில்தான் கையில் தொலைபேசி இருக்காது. எங்கள் தோட்டத்துக் குழுவோடு பழனிக்குப் போயிருந்தபோது, எழுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மாள் இறங்கும் வழியில் எங்களைத் தவறவிட்டுவிட்டார். மகன் கைத்தொலைபேசி அடிவாரத்துப் பெட்டகத்தில். விடுதியின் பெயர்கூட அம்மாளுக்குத் தெரியாது. ஆனால் சுருக்குப் பையில் ஒரு காகிதம் இருந்தது. பூக்கடைக்காரர் ஒருவர் அதைப் படித்துப் பார்த்து, ஆட்டோவில் ஏற்றி விடுதிக்கே அனுப்பிவிட்டார். நாங்கள் பதறி ஓடிவந்தபோது அம்மாள் வாசலில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தார்!

அப்படி ஒரு காகிதத்தை உடன் வரும் ஒவ்வொருவர் பையிலும் வையுங்கள். தங்கும் விடுதியின் பெயர், முகவரி, உடன் வந்த இருவரின் எண்கள் இவற்றைத் தமிழில் பெரிய எழுத்தில் எழுதுங்கள். மலேசிய எண்ணாக இருந்தால் முதலில் உள்ள சுழியத்துக்குப் பதிலாக +60 போட்டு எழுதவேண்டும். அவசர உதவிக்கு இந்தியா முழுவதும் 112, ஆம்புலன்சுக்கு 108. சென்னையில் மலேசியத் துணைத் தூதரகம் இருக்கிறது. அதன் முகவரியும் எண்ணும் அந்தக் காகிதத்தில் இருக்கட்டும். கடப்பிதழின் முதல் பக்கத்தையும் விசாவையும் நகலெடுத்துக் கையோடு கொண்டுபோங்கள்.

எல்லாவற்றையும் மகன் ஒருவன் கைத்தொலைபேசியிலேயே அடைத்துவைப்பது முட்டை அனைத்தையும் ஒரே கூடையில் சுமப்பதற்குச் சமம். அது கீழே விழுந்தாலோ மின்சாரம் தீர்ந்தாலோ குடும்பமே திண்டாடும். ஆகவே தாய்மார்களே, உங்கள் கைத்தொலைபேசியிலும் வரைபடத்தையும் வாட்ஸ்அப்பையும் ஏற்றிக்கொள்ளுங்கள். எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ளுங்கள். தெரியாவிட்டால் நாலாம் ஆண்டு படிக்கும் பேரப்பிள்ளையைக் கூப்பிடுங்கள். ஒரு மாலைப்பொழுதில் கற்றுக்கொடுத்துவிடுவான். பாட்டிக்குச் செயலியைப் பேரன் சொல்லட்டும், பேரனுக்கு ஊர்ப்பெயரைப் பாட்டி சொல்லட்டும். இரண்டும் சேர்ந்தால்தான் ஊர் போய்ச் சேரலாம்.

உங்கள் பயணம் நல்லபடியாக அமையட்டும்.