கெளை வெட்டுறது குலத்தொழில் இல்ல

சூளகிரி மூணு பாஷை கலந்த எல்லை. தெலுங்கு, கன்னடம், தமிழ். மரத்துக்குக் கீழே நின்று எங்களை ஏறச் சொல்லும்போது மட்டும் மூணும் ஒண்ணாகிவிடும். ‘எக்குரா’, ‘ஹத்தோ’, ‘ஏறுடா’. 17 வருசம் பட்டாளத்தில் இருந்தவன் நான். அங்கேயும் அதட்டல் உண்டு. ஆனால் அங்கே அதட்டுகிறவன் கயிற்றை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் ஏறச் சொல்வான். இங்கே கயிறே கிடையாது.

நான் இருந்தது மெட்ராஸ் சேப்பர்ஸ். தலைமையிடம் பெங்களூர் அல்சூர். ராணுவத்தில் ‘தம்பி’ என்றால் எங்களைத்தான் சொல்வார்கள். 1780ல் சென்னையில் சேர்த்த பயனியர் கம்பெனிகளில் இருந்து வளர்ந்த படை இது. பயனியர் என்றால் படைக்கு முன்னால் போய்க் காடு வெட்டி, பாதை போடுகிறவன். இந்தப் படைகளில் பறையர்கள் நிறையச் சேர்ந்தார்கள். மெட்ராஸ் பயனியர் படையை வெள்ளைக்காரன் 1933ல் கலைத்துவிட்டான். சேப்பர்ஸ் மட்டும் நின்றது. அண்ணல் அம்பேத்கரின் தகப்பனார் ராம்ஜியும் பட்டாளத்தில் சுபேதாராக இருந்தவர்தான். சேரியை விட்டு வெளியே போக நம் சனங்களுக்குக் கிடைத்த வழிகளில் பட்டாளமும் ஒன்று.

திரும்பி வந்தால்? ஓசூர் சிப்காட்டிலிருந்து சூளகிரி வரைக்கும் கம்பெனிகள். முன்னாள் படைவீரன் என்றால் கேட்டில் செக்யூரிட்டி, அதைத் தாண்டி யாருக்கும் யோசனை ஓடாது. எனக்குக் கயிறு தெரியும், ரம்பம் தெரியும், கரண்டும் கொஞ்சம் தெரியும். அதனால் மின்கம்பிக்கு இடைஞ்சலான கெளைகளை வெட்டுற வேலைக்குப் போனேன். பணிக்கொடைப் பணத்தில் ஒரு மிசின் ரம்பம் வாங்கினேன். காலனிப் பசங்க நாலு பேரைச் சேர்த்துக்கொண்டேன்.

பார்க்கிறவனுக்கு இது அருவா பிடிக்கிற வேலை. அப்படியில்லை. முதலில் லைன் கிளியர் வாங்க வேண்டும். நாங்க எல்.சி. என்போம். சுவிட்சை நிறுத்தினால் மட்டும் போதாது. வேலை செய்யும் இடத்துக்கு ரெண்டு பக்கமும் எர்த் ராடு மாட்ட வேண்டும். கம்பெனி ஜெனரேட்டரும் வீட்டு இன்வெர்ட்டரும் சரியாகப் பிரிக்காமல் இருந்தால் செத்த கம்பியில் கரண்ட் திரும்பி வரும். ஈரக் கெளை தொட்டாலே ஆள் போய்விடுவான். கெளையை முதலில் அடியில் கொஞ்சம் அறுத்துவிட்டு அப்புறம் மேலே அறுக்கணும். இல்லாவிட்டால் பட்டையோடு கிழிந்து மேலே இருக்கிறவனையே அடிக்கும். நுனியில் கயிறு கட்டிக் கம்பியில் படாமல் இறக்கணும். கண்ட இடத்தில் மொட்டையடித்தால் அடுத்த மழைக்கு இருமடங்கு தளிர் விட்டுக் கம்பியைத் தொடும். கெளை பிறக்கிற கணுவுக்கு வெளியே வெட்டினால் காயம் ஆறும். இதெல்லாம் படிப்பு இல்லாமல் வேறென்ன?

ஒரு ஆடி மாசம். 11 கே.வி. லைன் புளியமரத்தில் உரசிக்கொண்டிருந்தது. ‘‘ஆப் பண்ணியாச்சு, ஏறு’’ என்றார் காண்ட்ராக்டர். எல்.சி. பேப்பரைக் கேட்டேன்.

‘‘இன்னாடா மிலிட்டரி, பேப்பர் பாத்துதான் ஏறுவியா? உங்கப்பன் பேப்பர் பாத்தா ஏறுனான்?’’

நான் ஏறவில்லை. பசங்களும் ஏறவில்லை. கொஞ்ச நேரத்தில் லைன்மேன் வண்டியில் ஓடி வந்தார். ‘‘அண்ணே ஏறிடாதீங்க! நிறுத்தினது வேற பீடரு. இதுல லைன் இருக்குது.’’ அதற்குப் பிறகு எட்டு மாசம் அந்தக் காண்ட்ராக்டர் எங்களுக்கு வேலை தரவில்லை.

அவர் கேட்டது யோசிக்க வேண்டிய கேள்வி. எங்கப்பா ஊர்க்காரர் தோப்பில் புளி உலுக்க ஏறினவர். அவர் பேப்பர் கேட்க முடியாது. அந்த மரத்திலிருந்து என்னை இந்த மரத்துக்கு மாற்றியிருக்கிறார்கள், அவ்வளவுதான். கரண்ட் வந்தது, சிப்காட் வந்தது, காண்ட்ராக்ட் வந்தது. ஏறுகிற சாதி மாறவில்லை. நம் கண் முன்னாலேயே புதுசாக ஒரு குலத்தொழில் முளைக்கிறது, தோழர்களே.

2003 மின்சாரச் சட்டம் 68வது பிரிவைப் பாருங்கள். கம்பிக்கு இடைஞ்சலான மரத்தை அகற்ற உத்தரவிடலாம். கம்பி போடுவதற்கு முன்பே இருந்த மரமென்றால் உரியவருக்கு இழப்பீடு தர வேண்டும். நியாயம்தான். ஆனால் அந்த மரத்தில் ஏறுகிறவனைப் பற்றி அந்தப் பிரிவில் ஒரு வார்த்தை கிடையாது.

அதே 2003, ஆகஸ்ட் 14. அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்தில் உயர் அழுத்தக் கம்பிகள் மரங்களில் பட்டன. அதுவும் ஒரு முக்கியக் காரணமாகி, அமெரிக்காவிலும் கனடாவிலும் ஏறத்தாழ 5 கோடி பேர் இருட்டில் கிடந்தார்கள். அதன் பிறகு பெரிய மின்பாதைகளில் மரப் பராமரிப்பு கட்டாய விதியாயிற்று. கம்பியோரம் மரம் வெட்டுகிறவருக்கு அங்கே பாதுகாப்பு விதிகளில் தனிப் பெயரே உண்டு, பயிற்சி உண்டு. அங்கீகரித்த பயிற்சியில் சேரும் முன்னாள் படைவீரருக்கு ஜி.ஐ. சட்டப்படி உதவித்தொகையும் உண்டு. அந்தச் சட்டத்திலும் நிறம் பார்த்தார்கள். 1947ல் மிசிசிப்பி நகரங்களில் கணக்கெடுத்தபோது, படைவீரர்களுக்குக் கொடுத்த 3,200க்கும் மேற்பட்ட கடன்களில் கறுப்பருக்குக் கிடைத்தது 2. ஆக, சட்டம் எழுதினால் மட்டும் போதாது, அது யாருக்குப் போய்ச் சேர்கிறது என்றும் பார்க்க வேண்டும்.

எங்களுக்கு வேண்டியது இரக்கமில்லை. கெளை வெட்டுறதைத் தொழிலாக எழுதுங்கள். பயிற்சி கொடுங்கள், பரீட்சை வையுங்கள், பேர் போட்டுச் சான்றிதழ் தாருங்கள். பெல்ட், ஹெல்மெட், காப்பீடு இல்லாமல் ஒருத்தனும் ஏறக் கூடாது. காண்ட்ராக்டை எங்கள் பேரிலேயே எடுக்க விடுங்கள். ஊர்ப் பையனும் அந்தப் பரீட்சையை எழுதட்டும். எங்க பசங்களோட அதே கயித்துல அவனும் ஏறட்டும். அன்னைக்குத்தான் இது தொழில்.